கைப்பிடி

இரண்டு கப் மாவு, ஒரு கப் உப்பு,
தண்ணீர் கண்ணளவு.
ஒக்லஹோமாவை இப்படித்தான் பிசைய வேண்டுமென்று
யாரும் சட்டம் போடவில்லை.
ஆனாலும் துல்சாவில், பதினான்காம் எண் வகுப்பறையில்
ஒவ்வோர் அக்டோபரிலும்
இருபத்திரண்டு ஒக்லஹோமாக்கள்
ஜன்னலோரம் படுத்துக் காய்கின்றன.

ஈரமாயிருக்கும்வரை மாநிலம்
சொன்ன பேச்சைக் கேட்கும்.
தெற்கு எல்லையை பிரான்ட்லி பற்குச்சியால் நெளிக்கிறான்,
நாக்கைக் கடித்தபடி.
செவ்வாறு தானே நெளிந்தபோதுகூட
இவ்வளவு சிரத்தை எடுத்திருக்காது.
தென்கிழக்கு மலைகளுக்கு இன்னொரு சிட்டிகை மாவு.
ஆர்கன்சா நதிக்கு நீல நூல்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி
அது பழுப்பாத்தானே ஓடுது, மிஸ்?"
டெஸ்ஸா கேட்டாள்.
பழுப்பு நூல் பெட்டியில் இல்லை.
என் ஸ்வெட்டரின் கைவிளிம்பிலிருந்து
இருபத்திரண்டு நதிகள் உருவினேன்.
மணிக்கட்டில் இன்னும் குளிர்கிறது.

வியாழக்கிழமை உடையத் தொடங்கும்.
எப்போதும் அதே இடத்தில்:
வாணலிக்குக் கைப்பிடிபோல
மேற்கே நீளும் ஒல்லித் துண்டு.
ஒன்பது வருடமாக ஒரே பதில் வைத்திருந்தேன்:
"போனால் போகட்டும், மதிப்பெண் குறையாது."
அந்த வருடமும் அதைத்தான் சொன்னேன்.

பாடப்புத்தகம் அந்தத் துண்டுக்கு
அரைப்பத்தி ஒதுக்கியிருந்தது:
ஒரு காலத்தில் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்.
சலீனா ஃபிக்சிக்கோ கையை உயர்த்தினாள்.
"யாருக்கும் இல்லைன்னு
யாரைக் கேட்டு எழுதினாங்க?"
நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.
நாளை வெள்ளிக்கிழமை ஆயிற்று.
வெள்ளிக்கிழமை எழுத்துப்பிழைத் தேர்வு.

எலிசேயோ எதுவும் கேட்கவில்லை.
ஆகஸ்டில் வந்து சேர்ந்தவன்.
குப்பைக்கூடைக்குள் தோள்வரை கையை விட்டு
பதினேழு கைப்பிடிகளை எடுத்தான்.
ஜன்னல் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான்.
ரயில் என்றான் பிரான்ட்லி.
"ரயில் இல்ல. கைமன். எங்க ஊர்.
அப்பா ஓட்டினா அஞ்சரை மணி நேரம்.
தம்பி ரெண்டு தடவை வாந்தி எடுத்தான்."

அதன்பிறகு வகுப்பு என் கையில் இல்லை.
அங்கே என்ன இருக்கு?
காற்று. தானியக் கிடங்கு. பன்றி ஆலை வாடை.
பசு நின்றால் முழுப்பசுவும் தெரியும்,
மறைக்க மரமில்லை.
மேற்குக் கோடியில் ஓர் ஊர்,
அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால்.

பொய் என்றார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
இரவு, அடுப்பில் சூப் பொங்கி வழிய,
தேடிப் பார்த்தேன். உண்மை.
காலையில் வட்ட அட்டையில் முள் வரைந்து
மேற்குக் கோடியில் ஒட்டச் சொன்னேன்.
தாமதமாக வந்த டெஸ்ஸா அதைக் காட்டி,
"அங்கே இன்னும் மணியே அடிக்கல, மிஸ்" என்றாள்.
வருகைப் பதிவேட்டில் அதற்கொரு கட்டம் இல்லை.

பசை போட்டார்கள், விழுந்தது.
நாடா சுற்றினார்கள், கட்டுப்போட்ட விரல்போல இருந்தது.
எலும்பு வேணும் என்றாள் சலீனா.
புதிதாகப் பிசைந்தார்கள், ஒன்றே ஒன்று,
எல்லோருக்கும் சேர்த்து.
ஐஸ் குச்சியை உள்ளே வைத்து மூடினார்கள்,
துல்சாவிலிருந்து கோடிவரை.
தரையெல்லாம் மாவு.
துடைக்க வந்த திரு. ஹாப்குட்
மாநிலத்தைப் பற்றிச் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

பாடத்திட்டப் படிவம் கேட்கிறது:
'நோக்கம் நிறைவேறியதா?'
நோக்கம் என்று நான் எழுதியிருந்தது
'எல்லைகளை அடையாளம் காணுதல்.'

செவ்வாய்க்கிழமை அது காய்ந்திருந்தது.
எலிசேயோ அருகில் போனான்.
கைப்பிடியைப் பிடித்தான்.
அங்கே பிடிக்காதே என்று
இருபத்தோரு பேரும் கத்தினோம்,
நானும் சேர்த்தால் இருபத்திரண்டு.
வாணலியைத் தூக்குவதுபோல
ஒரே கையால்
ஒக்லஹோமாவைத் தூக்கினான்.

தென்கிழக்கு மலையிலிருந்து
கொஞ்சம் உப்பு உதிர்ந்தது.